கைவிரித்த இடத்தில் ஒரு நாற்காலி

"டாக்டர் கையை விரிச்சிட்டாரு." புற்றுநோய் புகுந்த வீட்டில் இந்த ஒரு வரியோடு மற்ற பேச்செல்லாம் அடங்கிவிடும். அதற்குப் பிறகு கீமோ இல்லை, ஸ்கேன் இல்லை, அடுத்து வரச்சொன்ன தேதி இல்லை. ஆனால் நோயாளி இருக்கிறார். அவருக்கு வலி இருக்கிறது. விடியாத இரவு இருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாத ஒரு கேள்வி தொண்டையில் நிற்கிறது. மருத்துவம் கையை விரித்த நாளுக்கும் உயிர் பிரியும் நாளுக்கும் நடுவே கிடக்கும் அந்த வாரங்களுக்கும் மாதங்களுக்கும் யார் பொறுப்பு?

அமெரிக்காவில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்து, அதை ஆராய்ச்சியாகவும் பிறகு ஓர் அமைப்பாகவும் வளர்த்தவர் ஃப்ளோரன்ஸ் வால்ட். நர்ஸாகப் பணியைத் தொடங்கி, யேல் பல்கலைக்கழக நர்ஸிங் பள்ளியின் டீன் ஆனவர். குணமாகாத நோயாளியின் வலியைத் தணித்து இறுதிவரை கவனிக்கும் முறைக்கு ஹாஸ்பைஸ் என்று பெயர். அந்த நாட்டு ஹாஸ்பைஸ் இயக்கத்தின் தாய் என்றே அவரை அழைக்கிறார்கள். 1917இல் நியூயார்க்கில் பிறந்து, 2008 நவம்பரில் தம் 91ஆம் வயதில் மறைந்தார். அவர் பணிக்கு வந்த காலத்து வார்டையும் இன்றைய வார்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அதுவரை 'கூடமாட உதவுகிறவர்' என்று மட்டுமே எண்ணப்பட்ட நர்ஸின் கண்கள் கண்டதுதான், சாகும் மனிதரை நடத்தும் விதத்தையே மாற்றியது.

அன்று: வாய் திறக்காத வார்டு

1950களின் அமெரிக்க மருத்துவமனையை நினைத்துக்கொள்ளுங்கள். பென்சிலின் வந்துவிட்டது. அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் வளர்ந்துவிட்டன. கீமோ தலைகாட்டத் தொடங்கிவிட்டது. குணமாக்குவது ஒன்றே மருத்துவத்தின் பெருமை என்ற காலம். குணமாகாதவரை என்ன செய்வது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

நோயாளியிடம் புற்றுநோய் என்ற சொல்லையே சொல்லமாட்டார்கள். 'கட்டி', 'வீக்கம்' என்று ஏதோ ஒன்றைச் சொல்லி நகர்ந்துவிடுவார்கள். இது கேள்விப்பட்ட கதை இல்லை. 1961இல் சிகாகோவில் 219 மருத்துவர்களிடம் எடுத்த கணக்கு அச்சிலேயே இருக்கிறது. அவர்களில் 90 சதவீதம் பேர், புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். சொன்னால் நம்பிக்கை போய்விடும், மனம் உடைந்துவிடும் என்பது அவர்கள் காரணம்.

இதில் நடுவில் மாட்டிக்கொண்டவர் நர்ஸ். டாக்டர் காலையில் வந்து ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் படுக்கை மாற்றுவதும், உடம்பு துடைப்பதும், வாந்தி பிடிப்பதும் நர்ஸ்தான். ராத்திரி இரண்டு மணிக்கு, விளக்கு மங்கிய வார்டில், நோயாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்: "சிஸ்டர், உண்மையைச் சொல்லுங்க, நான் பிழைப்பேனா?" அதற்குப் பதில் சொல்லும் உரிமை நர்ஸுக்குக் கிடையாது. "டாக்டர்கிட்டக் கேளுங்க" என்று கையை விடுவித்துக்கொண்டு போக வேண்டும். விடிந்ததும் டாக்டர் வந்து, "நல்ல முன்னேற்றம்" என்பார். இரண்டு முறை இப்படி நடந்தபின் நோயாளி கேட்பதையே நிறுத்திவிடுவார். பதில் இல்லாத அறைக்குள் போவதற்கு நர்ஸும் தயங்கத் தொடங்குவார்.

வலிக்கும் அப்படித்தான். வலி வந்த பிறகே ஊசி. வந்துவிட்டது என்று நோயாளி மணி அடிக்க வேண்டும், கெஞ்ச வேண்டும். "போன ஊசி போட்டு இன்னும் நாலு மணி நேரம் ஆகவில்லையே" என்று கடிகாரத்தைக் காட்டுவார்கள். மார்ஃபின் பழகிவிடும் என்ற பயம் மருத்துவரை ஆட்டிப்படைத்தது. இன்னும் ஒரு மாதம் உயிரோடு இருப்பாரா என்று தெரியாதவருக்கு, போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று வலி மருந்தை மறுத்த காலம் அது.

இந்த மௌனத்தை முதலில் அளந்து பார்த்தவர்களும் நர்ஸ்களே. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜீன் குவின்ட் என்ற நர்ஸ் ஆய்வாளர், மார்பகத்தை நீக்கிய பெண்கள் வீடு திரும்பியபின் எத்தனை தனிமையில் தவிக்கிறார்கள் என்று எழுதினார். நர்ஸிங் மாணவிகள் சாகும் நோயாளியைச் சந்திக்கும்போது என்ன நடக்கிறது என்று கூடவே இருந்து கவனித்தார். அவர் 1967இல் வெளியிட்ட நூல், உடம்பைப் பேணக் கற்றுக்கொடுத்த படிப்பு, சாகிறவரோடு பேசக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதைப் பக்கம் பக்கமாகக் காட்டியது.

டீன் அறையிலிருந்து படுக்கையருகே

ஃப்ளோரன்ஸ் சிறுமியாக இருந்தபோது மூச்சுக் கோளாறால் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவர். அங்கே தம்மைப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்ததாகச் சொல்வார். மவுன்ட் ஹோலியோக் கல்லூரியில் பட்டம், 1941இல் யேலில் நர்ஸிங் முதுகலை. நியூயார்க்கில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸாகவும் வேலை செய்தார். 1956இல் மனநல நர்ஸிங்கில் இன்னொரு முதுகலை. 1950களின் இறுதியில் யேல் நர்ஸிங் பள்ளியின் டீன் ஆகிவிட்டார்.

அந்தப் பள்ளியில் அப்போது ஒரு புதுக்காற்று வீசிக்கொண்டிருந்தது. நர்ஸிங் என்பது டாக்டர் எழுதிய சீட்டை நிறைவேற்றும் வேலையா, அதற்கென்று தனியாக ஓர் அறிவு உண்டா என்று அங்கே கேட்டார்கள். ஐடா ஆர்லாண்டோ என்ற பேராசிரியை, நோயாளிக்கு என்ன தேவை என்று நர்ஸ் தாமாகவே முடிவு கட்டக் கூடாது, அவரிடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்றார். கேட்க எளிதாக இருக்கும் இந்தப் பேச்சை இன்னொரு நர்ஸ் ஆய்வாளரான ரீத்தா டூமாஸ் சோதித்தே பார்த்துவிட்டார். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் ஒரு நர்ஸ் உட்கார்ந்து, நோயாளியின் பயம் என்ன என்று கேட்டு ஆற்றினால், சிகிச்சைக்குப் பின் வாந்தி குறைகிறது என்று 1963இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதும் ஒரு சிகிச்சை என்பதற்கு எண்களாலான ஒரு சாட்சி கிடைத்தது. அதே யேலில் இருந்த வர்ஜீனியா ஹெண்டர்சன், நர்ஸின் பணி எது என்று வரையறுத்தபோது, நலம் பெற உதவுவதோடு அமைதியாகச் சாக உதவுவதையும் சேர்த்து எழுதியிருந்தார்.

இப்படி நிலம் பண்பட்டிருந்த வேளையில், 1963இல் யேலுக்கு லண்டனிலிருந்து ஒரு டாக்டர் பேச வந்தார். சிசிலி சாண்டர்ஸ். அவரும் நர்ஸாகத் தொடங்கியவர். முதுகு வலியால் அந்த வேலையை விட்டு, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்தவர். லண்டனின் செயின்ட் ஜோசப்ஸ் ஹாஸ்பைஸில், மார்ஃபினை வலி வந்த பிறகு கொடுக்காமல், வலி வரும் முன்பே நேரம் தவறாமல் வாய்வழியாகக் கொடுத்தால் நோயாளி தெளிவாகவும் இருப்பார், வலியின்றியும் இருப்பார் என்று கண்டிருந்தார். தம் நோயாளிகளின் படங்களை அவர் காட்டினார். முதலில் வலியில் சுருண்ட முகம், பிறகு அதே மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து பேசும் முகம். வலி என்பது உடம்போடு நிற்பதில்லை, அதில் பிள்ளைகளை நினைத்த கவலையும், கைக்காசு கரைவதும், சாமியிடம் உள்ள கோபமும் கலந்திருக்கின்றன என்றார். 'மொத்த வலி' என்று அதற்குப் பெயர் வைத்தார்.

நோயாளிகளை நடத்தும் விதம் நர்ஸ்களை மட்டுமே வருத்துகிறது என்று அதுவரை எண்ணியிருந்ததாகவும், அன்று ஒரு டாக்டர் வாயிலிருந்து அதே வருத்தத்தைக் கேட்டதாகவும் வால்ட் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்த உரைக்குப் பிறகு அவருக்கு டீன் பதவியில் மனம் தங்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் அதை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு இறங்கினார். பதவி உயர உயர நோயாளியிடமிருந்து தள்ளிப்போவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். உச்சிக்குப் போய்விட்டுத் திரும்பி வார்டுக்கு நடந்தவர் அவர்.

குறிப்பேடு கட்டடமான கதை

1967இல் சாண்டர்ஸ் லண்டனின் சிடன்ஹாமில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பைஸைத் திறந்தார். 1948இல் அவர் கவனிப்பில் இறந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதி, 'உங்கள் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன்' என்ற பொருளில் சொல்லி விட்டுச்சென்ற 500 பவுண்டுதான் அதற்கு முதல் காசு. வால்ட் அங்கே போய் நர்ஸாகவே வேலை செய்து கற்றார். பணியாளர்களின் குழந்தைகளுக்கு அதே வளாகத்தில் விளையாட்டுக்கூடம் இருந்தது. சாகிறவர்களின் காதில் பிள்ளைகளின் கூச்சல் விழுந்தது. பார்வையாளர்கள் தாராளமாக வரலாம், திங்கட்கிழமை மட்டும் வரக் கூடாது. குடும்பத்தார் குற்ற உணர்ச்சி இல்லாமல் ஒரு நாள் வீட்டில் இருந்து துணி துவைக்கவும், உறங்கவும், கடைக்குப் போகவும்தான் அந்த விடுமுறை. வாசலில் வந்து நிற்கும் மகளின் களைப்பைக் கவனித்தவர்தான் இப்படி ஒரு விதியை எழுத முடியும்.

ஊர் திரும்பிய வால்ட், நியூ ஹேவனில் 1969இலிருந்து இரண்டு ஆண்டு ஓர் ஆய்வு நடத்தினார். கூட ஓர் அறுவை நிபுணர், ஒரு குழந்தை மருத்துவர், மதகுருமார். நோயாளிகளை அவரே நர்ஸாகப் பார்த்துக்கொண்டார். வார்டிலும் வீட்டிலும் அவர்களோடு இருந்து, அன்றன்று நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதினார். யார் என்ன சொன்னார், யார் சொல்லாமல் விட்டார், எந்த வலி எத்தனை மணி நேரம் தீராமல் இருந்தது, எந்த முடிவை நோயாளியைக் கேட்காமல் எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் ஏறின. நர்ஸ்கள் தங்களுக்குள் புலம்பித் தீர்த்துக்கொண்ட விஷயங்கள் முதல்முறையாகச் சான்றாக மாறின.

அவர் கணவர் ஹென்ரி வால்ட் ஒரு பொறியாளர். மனைவி தேடிய இடத்தைக் கட்டித்தர வேண்டும் என்று தம் வேலையை விட்டுவிட்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவமனைத் திட்டமிடலைப் படித்தார். 1974இல் நியூ ஹேவனில் அமெரிக்காவின் முதல் ஹாஸ்பைஸ் தன் பணியைத் தொடங்கியபோது அதற்குப் படுக்கையே இல்லை. வீட்டுக்கு வரும் நர்ஸ்தான் ஹாஸ்பைஸ். கனெக்டிகட் மாநிலத்தின் பிரான்ஃபோர்டில் 44 படுக்கைகள் கொண்ட கட்டடம் 1980இல்தான் வந்தது. 1982இல் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில் ஹாஸ்பைஸுக்கு இடம் தந்து சட்டம் வந்தது. நர்ஸ், டாக்டர், சமூகப் பணியாளர், ஆன்மிக ஆலோசகர் சேர்ந்த குழு கட்டாயம். நோயாளிக்குச் செய்யும் பணியில் 5 சதவீத அளவுக்குத் தொண்டர்களின் உழைப்பு இருந்தாக வேண்டும். ராத்திரி எந்த நேரத்திலும் அழைக்க நர்ஸ் இருக்க வேண்டும். நோயாளி இறந்த பிறகும் ஓராண்டு வரை குடும்பத்தாருக்கு ஆறுதல் பணி தொடர வேண்டும். ஒரு நர்ஸின் குறிப்பேட்டில் இருந்த கவலைகள் இப்படி ஒரு நாட்டின் விதிகளாயின.

இன்று: தொலைபேசியில் ஒரு நர்ஸ்

இப்போது இன்றைய பக்கத்தைப் பார்ப்போம்.

உண்மை சொல்வதில் ஏற்பட்ட மாற்றம் பெரியது. 1961இல் கேட்டது போன்ற கேள்விகளை 1979இல் மீண்டும் மருத்துவர்களிடம் கேட்டபோது, 97 சதவீதம் பேர் நோயாளியிடம் சொல்வதையே விரும்புவதாகச் சொன்னார்கள். இருபது ஆண்டுக்குள் காற்று அப்படியே திசை திரும்பிவிட்டது.

வலியில், நோயாளி சொல்லும் வலிதான் வலி என்பது நர்ஸிங் படிப்பின் முதல் பாடமாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்குப் படிப்படியான மருந்து முறையை வெளியிட்டது. முடிந்தவரை வாய்வழி, நேரம் தவறாமல், வலிக்கேற்ற படியில். செயின்ட் ஜோசப்ஸில் நேரம் பார்த்துக் கொடுத்த பழக்கம் உலக முறையானது.

படிப்பில், ஜீன் குவின்ட் சுட்டிய குறையைக் கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் புற்றுநோய் மையத்தில் பணிபுரியும் நர்ஸ் ஆய்வாளர் பெட்டி ஃபெரல் கையில் எடுத்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 50 நர்ஸிங் பாடநூல்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி எண்ணினார்கள். வாழ்வின் இறுதிக் காலப் பராமரிப்பு பற்றி இருந்தது வெறும் 2 சதவீதம். 1999இல் அந்தக் கணக்கு வெளிவந்தது. குறை சொல்லி நிற்காமல், 2000ஆம் ஆண்டு நர்ஸ் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் திட்டத்தைத் தொடங்கினார்கள். பயிற்சி பெற்றவர் தம் ஊரில் இன்னும் சிலருக்குக் கற்றுக்கொடுப்பார். அந்தத் திட்டம் இன்று நூறு நாடுகளுக்கு மேல் போயிருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், எப்போது தொடங்குவது என்பதில் நடந்தது. வலியையும் மற்ற துன்பங்களையும் தணிக்கும் நோய்த்தணிப்பு சிகிச்சை கடைசி வாரத்துச் சமாச்சாரம் என்ற எண்ணத்தை உடைத்தவர்களில் மேரி பகிடாஸ் என்ற நர்ஸ் ஆய்வாளர் முக்கியமானவர். அமெரிக்காவின் வடகிழக்கில் கிராமங்கள் சிதறிக் கிடக்கும் பகுதி. புற்றுநோய் முற்றிய நோயாளி மணிக்கணக்கில் காரோட்டி மருத்துவமனைக்கு வர வேண்டும். பகிடாஸின் திட்டத்தில் நர்ஸ் தொலைபேசியில் அழைப்பார். நான்கு அமர்வுகள், பிறகு மாதா மாதம் ஓர் அழைப்பு. முதல் அமர்வில், இப்போது உங்களை அதிகம் தொல்லை செய்யும் ஒரு பிரச்சினையை எடுத்து எப்படிச் சமாளிப்பது என்று சேர்ந்து யோசிப்பார்கள். அடுத்ததில், டாக்டரிடமும் வீட்டாரிடமும் எப்படிப் பேசுவது. மூன்றாவதில் வலி, களைப்பு, தூக்கம். நான்காவதில், நமக்குப் பேச முடியாமல் போனால் யார் முடிவெடுப்பது, முடிக்காமல் விட்ட காரியங்கள் என்னென்ன. 322 நோயாளிகளிடம் நடத்திய இந்த ஆய்வு 2009இல் வெளியானது. நர்ஸின் அழைப்பு கிடைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது.

அடுத்த ஆண்டு, பாஸ்டனின் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் நுரையீரல் புற்றுநோய் பரவிய 151 பேரிடம் இன்னோர் ஆய்வு. வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்பு சிகிச்சையும் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்ததோடு, கூடுதல் நாளும் இருந்தார்கள்: அவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். முற்றிய புற்றுநோய் என்று தெரிந்த எட்டு வாரத்துக்குள் நோய்த்தணிப்புக் குழு நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமே 2016இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இரவு இரண்டு மணிக்குக் கையை விடுவித்துக்கொண்டு போன நர்ஸுக்கும், "சொல்லுங்க, எதுக்கு அதிகமா பயப்படறீங்க?" என்று தாமே தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் நர்ஸுக்கும் நடுவே அரை நூற்றாண்டு.

சிறைக்குள்ளும் ஒரு படுக்கை

வால்ட் ஹாஸ்பைஸ் அமைப்பை உருவாக்கியதோடு நின்றுவிடவில்லை. எண்பதை நெருங்கிய வயதில் அவர் சிறைகளுக்குப் போனார். அமெரிக்கச் சிறைகளில் கைதிகள் முதுமையாலும் புற்றுநோயாலும் எய்ட்ஸாலும் உள்ளேயே இறந்துகொண்டிருந்தார்கள். ஹாஸ்பைஸ் முறையை அங்கே கொண்டுசெல்ல உழைத்தார். சக கைதிகளுக்கே பயிற்சி கொடுத்து, சாகிறவரின் படுக்கையருகே தொண்டராக உட்கார வைப்பது அந்த முறை. நோயாளிக்கு அருகில் ஒரு கை கிடைத்தது. தன்னை யாருக்கும் உதவாதவன் என்று எண்ணியிருந்த கைதிக்கு, தன்னாலும் ஒருவருக்கு நல்லது செய்ய முடியும் என்று தெரிந்தது. ஒரு மனிதர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வி அவருடைய வலிக்கு மருந்து கொடுப்பதில் குறுக்கே வரக் கூடாது. நர்ஸிங்கின் அறம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இன்னும் மாறாதது

இத்தனைக்கும் பிறகு, இன்று அமெரிக்காவில் மெடிகேர் காப்பீடு பெற்றிருந்து இறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஹாஸ்பைஸ் கவனிப்பில் இறக்கிறார்கள். 1974இல் ஒரே ஊரில் தொடங்கிய காரியத்துக்கு இது மாபெரும் வளர்ச்சி. ஆனால் அந்தப் பாதிப் பேரில் பாதிப் பேருக்கு அந்தக் கவனிப்பு மூன்று வாரம்கூடக் கிடைப்பதில்லை. சட்டம் ஆறு மாத காலத்துக்கு இடம் தந்தும், கடைசி நேரத்தில்தான் கதவைத் தட்டுகிறார்கள். டாக்டருக்குச் சொல்லத் தயக்கம், குடும்பத்துக்குக் கேட்கப் பயம். 1961இன் மௌனம் வார்டை விட்டுப் போய்விட்டது, வீட்டுக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

அந்த மௌனம் நம் வீடுகளுக்கும் அந்நியமில்லை. "அவர்கிட்டச் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று அறைக்கு வெளியே கைகூப்பி நிற்கும் பிள்ளைகள் நாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவரின் வீட்டுக்கே நோய்த்தணிப்பு சிகிச்சை செவிலியர் வருகிறார். புண்ணைக் கழுவிக் கட்டுகிறார், வீட்டாருக்குப் பார்த்துக்கொள்ளும் முறையைச் சொல்லித் தருகிறார். ஃப்ளோரன்ஸ் வால்டின் பெயரை அந்தச் செவிலியர் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. அவர் செய்வது அதே வேலைதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு நோய் முற்றிவிட்டது என்று தெரிந்தால், டாக்டர் கையை விரிக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கேளுங்கள்: "வலிக்கும் மற்ற கஷ்டங்களுக்கும் யாரைப் பார்க்கணும்? வீட்டுக்கு நர்ஸ் வருவாங்களா?" வரும் நர்ஸுக்கு, படுக்கையருகே ஒரு நாற்காலி எடுத்துப் போடுங்கள்.